காதர் பாய் வீட்டு ஐஸ் பெட்டி

போன மாதம் குடவாசல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். புது மண்டபம், முழுக்க ஏசி. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏசி போட்ட எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து அதன் பின்பக்கம் போய்விடுவேன். வெளியே வரிசையாக வைத்திருக்கிற பெட்டிகள் ஒழுங்காக மூச்சு விடுகின்றனவா என்று பார்த்தால்தான் எனக்கு உள்ளே உட்கார மனசு வரும். என் மனைவி இதற்குப் பழகிவிட்டாள். "போய் உங்க சொந்தக்காரங்கள விசாரிச்சிட்டு வாங்க" என்பாள். அன்றைக்கு மட்டும் பிடித்து வைத்து, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் விட்டாள்.

பின்பக்கம் எட்டுப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்ச் சுவரோரம் சமையல்காரர்களோடு வந்த நாலு பெண்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பெட்டியின் முன்னால் உள்ளங்கையை நீட்டினேன். மண்டபத்தை ஒட்டி வயல். காலையில் அறுவடை மெஷின் ஓடியிருக்க வேண்டும். தூசும் பதரும் பறந்து வந்து பெட்டிகளின் தகடுகளில் ஒட்டிச் சூட்டில் காய்ந்திருந்தன. சூடேறிய பதரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு வாசனை. உங்களுக்கு அது நாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு அது போதும். ஐம்பது வருஷம் பின்னால் போய், காதர் பாய் வீட்டுக் கொல்லையில் வியர்க்க வியர்க்க நின்றேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கும்பகோணத்தில் ஒரு ரெப்ரிஜிரேட்டர் ரிப்பேர் கடையில் மெக்கானிக். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முதலாளி, நான், ஒரு கேஸ் சிலிண்டர், இரண்டு ஸ்டூல். எங்கள் வீட்டில் யாருக்கும் என் வேலை என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா "பையன் ஐஸ் வேலை பாக்குறான்" என்று சொல்லிவிட, நான் தெருத் தெருவாக மணி அடித்துக்கொண்டு குச்சி ஐஸ் வண்டி தள்ளுகிறேன் என்று நினைத்து அவர்கள் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் என் வேலைக்கும் ஐஸுக்கும் சம்பந்தம் குறைவு. என் வேலை சூட்டோடுதான். குளிரை உண்டாக்குகிற மெஷின் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற சூட்டைச் சுமந்து வந்து வெளியே கொட்டுகிற மெஷின்தான் உண்டு. பெட்டிக்குள் இருக்கிற சூட்டை வாயு வாங்கிக்கொண்டு வருகிறது. கம்ப்ரஸர் அந்த வாயுவை நசுக்குகிறது. நசுக்கினால் சூடு இன்னும் ஏறும். அந்தக் கொதிக்கிற வாயுவை, வளைந்து வளைந்து போகிற செம்புக் குழாய்க்குள் அனுப்புகிறோம். குழாய் முழுக்க மெல்லிய தகடுகள், நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் மாதிரி நெருக்கமாக. குழாயின் சூடு தகடுகளில் பரவுகிறது. காற்றாடி இழுக்கிற காற்று தகடுகளின் நடுவே நுழைந்து, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கம் போகிறது. சூட்டைக் கொடுத்துவிட்ட வாயு திரவமாகி, அடுத்த நடைக்குப் பெட்டிக்குள் திரும்புகிறது. இந்தக் குழாயும் தகடும் சேர்ந்ததுதான் கன்டென்சர்.

இதில் எனக்கு இன்றுவரை தீராத ஆச்சரியம் ஒன்று. அந்தக் காற்று குளிர்ந்த காற்றாக இருக்க வேண்டியதே இல்லை. பங்குனி வெயிலில் அடிக்கிற காற்றே போதும். குழாய்க்குள் இருக்கிற வாயுவைவிட அது சூடு குறைந்திருந்தால் சரி. அதற்காகத்தான் வாயுவை அப்படி நசுக்கிச் சூடேற்றுவதே. ஒரே நிபந்தனை, காற்று புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். சூட்டை வாங்கிக்கொண்ட காற்று போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது. இவ்வளவும் எனக்கு அப்போதே மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்ததுதான் வினையே, சொல்கிறேன்.

காதர் பாய் பினாங்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினைந்து வருஷம் ஐஸ்கிரீம் போட்டவர். ஊர் திரும்பி மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய ஒரே மகள் ஜமீலா. அவள் பிறந்து வளர்ந்த காலமெல்லாம் அவர் கடலுக்கு அந்தப் பக்கம். ஆறு வயதில் அவள் ஒரு கடிதத்தில், ஐஸ்கிரீம் என்றால் என்ன அத்தா, ஐஸ் மாதிரி கடிக்கணுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், உன் கல்யாணத்துக்கு நானே போட்டுத் தருகிறேன், ஊரில் ஒரு தெரு பாக்கியில்லாமல் எல்லாரும் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று பதில் எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். கல்யாணம் நிச்சயமான அன்று எடுத்து நீட்டினாள்.

பாய் என்ன செய்வார், கும்பகோணத்தில் மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையின் பெரிய பெட்டியையும் மெஷினையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். அதை ஓட வைத்து, கல்யாணம் முடிகிறவரை கூடவே இருக்க வேண்டியது என் பொறுப்பு. முதலாளிக்கு அம்மை போட்டிருந்தது. "நான் பாத்துக்கிறேன்" என்று மார்தட்டிக் கிளம்பினேன்.

பெட்டியை ஓட வைத்துவிடலாம், எல்லாத் தெருவையும் ஒன்றாக உட்கார வைப்பதுதான் பாய்க்குப் பெரிய பாடாக இருந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கம் அறுவடைக் கூலிச் சண்டை. சண்டை நடக்காத ஊர் இல்லை. ஆட்சி மாறி, எல்லா டீக்கடையிலும் கரைத்துண்டு போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நாய் பெயரிலும் பூனை பெயரிலும் நிலம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பேச்சு. கூலிக்காரர்கள் இருக்கிற வாய்க்கால் தெருவில் சிவப்புக்கொடி ஏறியிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் மிராசுதார் வயலில் இறங்குவதில்லை என்று நின்றார்கள். மிராசுதார் வெளியாள் கொண்டுவருவேன் என்றார். முதிர்ந்த கதிர் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. போலீஸ் லாரி ஒன்று பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது.

பாய் இரண்டு பக்கமும் போய் அழைத்தார். மிராசுதார் வீட்டில் அவருடைய காரியக்காரர், அதாவது நிலபுலன் பார்த்துக்கொள்கிறவர், தெளிவாகச் சொன்னார். "மொதப் பந்தி எங்களுக்கு. அவங்கள்லாம் கடைசில, கொல்லப்பக்கம் உக்காந்து சாப்ட்டுக்கட்டும்." வாய்க்கால் தெருவில் அஞ்சலை என்ற பெண், எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். "கடைசிப் பந்தின்னா நாங்க வரல பாய். கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுலயும் கஞ்சி இருக்கு." கடை வைத்திருக்கிறவர் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியுமா. மகளுக்கு எழுதிய கடிதம் வேறு சட்டைப்பையில் உறுத்திக்கொண்டிருந்தது.

நான் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்தேன். மெஷினைக் கொல்லையில் இறக்கிப் பூட்டி ஓட விட்டேன். ஒரே நாளில் பெட்டிக்குள் உறைபனி பூத்தது. பாய் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், பினாங்கு தம்பி, அதே பினாங்கு" என்றார். அன்று ராஜா மாதிரி இருந்தேன்.

மறுநாள் உறவுக்காரப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கோஷா உள்ள வீடு. கொல்லையில் கிணறு, அடுப்பு எல்லாம் பெண்கள் புழங்குகிற இடம். அங்கே ஒரு அந்நிய ஆண்பிள்ளை ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் எப்படி நடமாடுவது. பாயின் மனைவி பாயம்மா ஆள் விட்டு, என்னையும் மெஷினையும் சேர்த்து நாலு பக்கமும் கீற்றுத் தட்டி கட்டி மறைத்துவிட்டார். ஆளுயரத் தட்டி, ஓட்டை இல்லாமல் நெருக்கமாகப் பின்னியது. எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, சந்து வழியாக டீ கொடுத்தார்கள். நிழலாக இருக்கிறதே என்று நானும் நன்றி சொன்னேன். மெக்கானிக் நன்றி சொன்னான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பாய் போட்ட ஐஸ்கிரீமெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. வெறும் பெட்டியாக இருந்தவரை சமாளித்த மெஷின் மதியம் 'டக்' என்று நின்றது. ஆற விட்டுப் போட்டேன், ஓடியது. மறுபடி 'டக்'. அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்தால் முள் எங்கேயோ ஏறி நிற்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கேஸ் குறைவோ என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மூச்சு முட்டுகிறவன் வாயில் சோற்றைத் திணித்த மாதிரி. பிறகு தண்ணீரை வாரி கன்டென்சர் மேல் அடித்தேன். பக்கத்துக் களத்தில் தூற்றுகிற பதரும் தூசும் பறந்து வந்து ஈரத்தில் அப்பிக்கொண்டு, தகடுகளின் இடுக்கெல்லாம் சேறு. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மெஷினைத் திட்டினேன். பெட்டிக்குள் ஓரமெல்லாம் இளக ஆரம்பித்திருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஜமீலாவின் குரல், "அண்ணே, நின்னு நின்னு ஓடுதே, எங்க அத்தாட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டது. "சும்மா ஓய்வு குடுக்குறேம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் அவ்வளவு சாந்தமாகப் பேசியதில்லை.

அப்போதுதான் தட்டிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அஞ்சலை. என் வயதுதான் இருக்கும். கொல்லையை ஒட்டி பாய்க்குச் சின்னதாக ஒரு களம். கேட்ட கூலியை அவர் முதலிலேயே ஒத்துக்கொண்டதால் ஊரில் அங்கே மட்டும் வேலை நடந்தது. அஞ்சலை அங்கே நெல் தூற்றிக்கொண்டிருந்தவள். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று சண்டைக்கு வந்திருந்தாள்.

"மெக்கானிக்காரரே, இந்தத் தட்டிய யாரு கட்டச் சொன்னது? கீழ்காத்து பூரா அடைச்சிருச்சு. நான் தூத்துற பதரு எல்லாம் திரும்பி நெல்லு மேலயே விழுது."

"எனக்கே இங்க உயிரு போவுது, நீ வேற" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, மெஷினுக்கு முன்னால் காற்றைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அங்க பாருங்க, அந்தப் பதர."

பார்த்தேன். அவள் களத்திலிருந்து வந்து விழுந்த பதர் ஒன்று மெஷினின் காற்றாடிக்கு முன்னால் பறந்தது. போய் எதிர்த் தட்டியில் மோதியது. மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, என் தலைக்கு மேலாக வந்து, மெஷினின் பின்பக்கத் தகடுகளில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று வந்தது. அதே வழி.

"வுட்ட மூச்சையே திரும்ப இழுக்குது" என்றாள் அஞ்சலை. "அப்பறம் எப்புடிங்க ஆறும்?"

காற்று திரும்பி வரக்கூடாது என்று மனப்பாடமாகத் தெரிந்தவன் நான். அந்தச் சூட்டுக்குள்ளேயே காலையிலிருந்து உட்கார்ந்து, வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விடுங்கள், சந்தோஷத்தில் அவளைக் கும்பிட்டே விட்டேன்.

கிழக்குத் தட்டியையும் மேற்குத் தட்டியையும் எடுத்தால் போதும். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும், அவளுக்கும் தூற்றக் காற்று கிடைக்கும். நல்லவேளை, மெஷின் மேற்குப் பார்த்துத்தான் ஊதியது, காற்றோடு போகும். அது என் முன்யோசனை என்று பாயிடம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அந்தப் பக்கம் வைத்தால்தான் ஒயர் எட்டியது. ஆனால் தட்டியை எடுத்தால் நான் தெரிவேனே. பாயம்மா உள்ளேயிருந்து அஞ்சலை வழியாகத் தூது விட்டார். அஞ்சலை போய்ப் பேசிவிட்டு வந்து தீர்ப்பைச் சொன்னாள்.

"தட்டி மெஷினுக்கு இல்லயாம், உங்களுக்குத்தானாம். மெஷின் ஆரையும் பாக்காதுல்ல. அதனால மெஷின வெளிய வுட்டுட்டு உங்கள மட்டும் சுத்திக் கட்டச் சொல்லிட்டாங்க."

அப்படித்தான் நடந்தது. எடுத்த தட்டிகளைக் கொண்டு மூன்று கஜம் தள்ளி எனக்கு ஒரு கூண்டு கட்டினார்கள். ஒரு ஸ்டூல், ஒரு செம்புத் தண்ணீர், நான். ஏற்றிய கேஸைக் குறைக்க மட்டும், தலையில் துண்டைப் போர்த்தி என்னைக் குருடனைப் போல் நடத்திக்கொண்டு போனார்கள். தகடுகளில் அப்பியிருந்த சேற்றை அஞ்சலையே ஈர்க்குச்சியால் நீவி எடுத்தாள். பிறகு நான் கூண்டுக்குள்ளிருந்து கேட்க, அவள் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாள்.

"மேல் கொழா?"

"கை வெக்க முடியல."

"அது அப்புடித்தான் இருக்கணும். அடிக் கொழா?"

"வெதவெதன்னு இருக்கு. புள்ளைக்கு ஊத்துற வெந்நி மாதிரி."

அந்த வெதவெதப்பைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. மேலே கொதித்து, கீழே வெதவெதப்பாக இறங்கினால் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். மெஷின் அதற்குப் பிறகு 'டக்' என்று சொல்லவே இல்லை. அந்தக் கல்யாண வீட்டில் கோஷாவில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். ஜமீலாவும் அவள் தோழிகளும் வந்து வந்து தட்டிக்கு வெளியே நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்தன்று காலை பாய் என் கூண்டு வாசலில் வந்து குந்தினார். முகம் வாடியிருந்தது. பந்திப் பிரச்சினை தீரவில்லை. மிராசுதார் வீட்டு ஆட்கள் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். வாய்க்கால் தெருக்காரர்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள், பந்தி எப்படி என்று தெரிந்தால்தான் உள்ளே வருவார்களாம்.

பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார். "தம்பி, இத ஒரு தடவ தொறந்தா, மறுபடி மூடி அடுத்த பந்திக்கு வெச்சுக்கலாமா?"

"தாராளமா பாய். பத்துப் பந்தி போடுங்க. கல்லு மாதிரி நிக்கும்" என்றேன். முந்தின நாள் பட்ட அவமானத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

"நிக்குமா?" என்றார் பாய், மெதுவாக. என் கண்ணைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிக்காதுல்ல?"

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் மனசே இல்லாமல் தலையாட்டினேன். பாய் போய்க் காரியக்காரரைக் கையோடு அழைத்து வந்தார். காரியக்காரர் கூண்டுக்குள் குனிந்து, "ஏம்ப்பா, நீதான் மெக்கானிக்கா? ஒரு தடவதான் தொறக்கலாம்ங்கிறாரே, நெசமா?" என்றார்.

என் மெஷின் எனக்குப் பின்னால் முத்தாக ஓடிக்கொண்டிருந்தது. "ஆமாங்க" என்றேன். "பழைய மெஷின். தொறந்தா நிக்காது, உருகிடும். எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தாத்தான் உண்டு."

அவர் பெட்டியைப் பார்த்தார். அறுபது வயதுக்காரர், ஐஸ்கிரீம் சாப்பிட்டதில்லை. முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. "சரி, பொருள் வீணாப் போவப்படாது பாருங்க. அதுக்காகத்தான்" என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலிக்கு வெளியே செய்தி போயிற்று. வாய்க்கால் தெரு உள்ளே வந்தது.

என் கூண்டின் ஓலையை விலக்கி நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பந்தலில் எதிரும் புதிருமாக நீள வரிசைகள், இடம் கிடைத்த இடத்தில் எல்லாத் தெருவும். பிரியாணி முடிந்ததும் பெட்டியைத் திறந்து, பாய் தன் கையால் அள்ளி அள்ளித் தொன்னையில் போட்டார். ஐந்து பேர் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். உருகிவிடும் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, பெரிய மனிதர்கள் எல்லாம் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். அஞ்சலை ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடி, "அய்யய்ய, பல்லு கூசுது" என்றாள். எதிர் வரிசையில் காரியக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்குந்தான்" என்றார். அந்த இரண்டு பக்கமும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டதே கிடையாது. பந்தலே சிரித்தது. ஜமீலா பெண்கள் பக்கத்துத் திரையை லேசாக விலக்கிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பாய் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் சண்டை தொடர்ந்தது. ஐஸ்கிரீமால் கூலி உயராது. அது பிறகு தாலுகா ஆபீசில் பலமுறை உட்கார்ந்து பேசித்தான் முடிந்தது. "ஒம் மெஷின்ல ஐஸ்கிரீம் நிக்காதுன்னு நீயே ஊரு பூரா சொன்னியாமே" என்று முதலாளி என்னை ஒரு வாரம் திட்டினார். திட்டை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். நான் ஓட வைத்த மெஷின்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த ஜமீலாவின் பேத்திக்குத்தான் போன மாதம் கல்யாணம். பாய் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கொல்லையில் இப்போது கடைகள். ஜமீலா என்னைப் பேரப்பிள்ளைகளிடம் "கூண்டுக்குள்ள இருந்த அண்ணன்" என்றுதான் அறிமுகப்படுத்தினாள். ஐம்பது வருஷமாக எனக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

எட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் கவனித்தேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களின் சூடு அத்தனையும் அந்தப் பெட்டிகள் வழியாக வந்து, எதிர்ச் சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பெண்கள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். "உள்ள போய் உக்காந்து சாப்புடலாமேம்மா" என்றேன். "எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்சப்பறம்தான் சார் எங்களுக்கு. அதுவும் இங்கதான்" என்றாள், சாதாரணமாக.

நேராக உள்ளே போனேன். வாசலருகில் கண்ணாடி பதித்த பெரிய பெட்டி, ஏழெட்டு நிறத்தில் ஐஸ்கிரீம். அவரவர் போகிற போக்கில் ஒரு கப் வாங்கிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் காருக்குப் போனார்கள். ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம் என் பழைய வித்தையை எடுத்து விட்டேன்.

"தம்பி, வேலை செய்ற பொண்ணுங்க பின்னாடி இருக்காங்க. அவங்களையும் இப்பவே உள்ள கூப்புட்டு உக்கார வெச்சுக் குடுத்துருங்க. இல்லேன்னா உருகிடும்."

அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். "உருகாது சார். கரண்ட் போனாக்கூட நாளைக்கி வரைக்கும் நிக்கும். அவங்க மெதுவா வரட்டும்."

அவர் சொன்னது சரிதான். நல்ல மெஷின். நாலு கப்பை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தேன்.